குழந்தை ஏன் வெட்டி இழுக்கிறது?

பிரிக்பீல்ட்சிலும் சரி, கிள்ளானிலும் சரி, கைக்குழந்தை திடீரெனத் துள்ளினால் 'உரம் விழுந்திருக்கும்' என்பார் பாட்டி. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சத்தம் கேட்டுக் கைகளை விரித்து மடக்குவது அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். தூக்கத்தில் மட்டும் கைகால் வெட்டி, விழித்ததும் நின்றுவிட்டால் அதுவும் பொதுவாகத் தீங்கற்றதே.

அஞ்ச வேண்டியது வேறொன்று. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வெஸ்ட், நான்கு மாதத்திலிருந்து தம் மகனின் தலை திரும்பத் திரும்ப முன்னால் கவிழ்வதைக் கண்டார். அட்டைவிட்டும் பயனில்லாமல், 1841-இல் 'லான்செட்' இதழுக்கு எழுதி வழி கேட்டார். சலாம் போடுவதுபோல் இருப்பதால் இதற்குச் 'சலாம் வலிப்பு' என்றும் பெயர். (நம் நாட்டில் அச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை!) பெரும்பாலும் முதல் வயதுக்குள், தூங்கி எழுந்ததும், ஓரிரு நொடி வெட்டு, சற்று இடைவெளி, மீண்டும் வெட்டு என வரிசையாக வரும். வலிப்பு என்றதும் நாம் நினைக்கும் நுரை தள்ளுதல் இராது. ஆகவே வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தே வாரங்கள் கழியும்; அதற்குள் சிரித்த குழந்தை சிரிப்பை மறந்துவிடலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையில் நோய் தெரியவரும். ஸ்டீராய்டு அல்லது விகாபட்ரின் மருந்தை விரைவில் தொடங்குவதே நல்லது.

இப்படி வரிசையாக வெட்டினால், கைத்தொலைபேசியில் படம்பிடித்து அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் வெட்டு வராமலும் போகலாம் என்பதால் அந்தப் பதிவு மிக முக்கியம்.