கத்திரி வருமுன் குளிர்சாதனங்களைச் சீர் செய்வோம்



கோடைக்கான சரக்கை வாங்கிப் போடுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். நன்னாரி சர்பத்தும் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் மாசி பிறக்கும்போதே கடைக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சரக்கைக் காக்க வேண்டிய பிரிட்ஜையும் டீப் பிரீசரையும், வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் நம்பியிருக்கும் ஏர்கூலரையும் ஏ.சி.யையும் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. மார்ச் மாதம் முழுவதும் கணக்கு முடிக்கும் வேலையில் போய்விடும். சித்திரையில் இயந்திரம் நின்ற பிறகுதான் மெக்கானிக்கைத் தேடுவோம். அப்போது அவர் கையில் முப்பது அழைப்புகள் இருக்கும். 'நாளைக்கு வருகிறேன்' என்பார். அந்த நாளைக்குள் பிரீசரில் உள்ளது அத்தனையும் உருகிவிடும்.

ஆகவே இந்த வேலைக்குச் சரியான காலம் மாசி மாதம். மெக்கானிக் நிதானமாக வேலை செய்வார், உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும். நாமும் பேரம் பேசலாம்.

நம் பகுதி வெயில்

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடற்காற்று எட்டாது. சேர்வராயனும் கொல்லிமலையும் பக்கத்திலேயே இருந்தாலும் மலைமேல் உள்ள குளிர்ச்சி கீழே வராது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே சேலத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அது 104 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சமம். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. அதாவது வெயிலைப் புயல், வெள்ளத்தோடு வைத்து எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் கத்திரிக்கு முன்பே நம் ஊரில் அனல் தொடங்கிவிடுகிறது என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

ஏர்கூலர்

தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஆவியாகும். அதனால்தான் புழுக்கம் மிகுந்த சென்னையில் சரியாக எடுபடாத ஏர்கூலர், பங்குனி, சித்திரையில் நம் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் கோடையில் கூரைமேல் தண்ணீர் தெளிப்பதும் கொட்டகைக்குள் நீர்த்துளியைப் புகைபோல் தூவுவதும் இதே தத்துவந்தான்.

நம் ஊர் ஏர்கூலருக்கு முதல் எதிரி போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஆவியானால் உப்பு மட்டும் பேடில் தங்கிவிடும். அது வெள்ளை வெள்ளையாகப் படிந்து கண்களை அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே வராது. மோட்டார் மட்டும் சூடாகும். மரச்சீவல் பேடாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. தேன்கூடு பேடை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசி மறுபடியும் பயன்படுத்தலாம். பம்பைக் கழற்றி அடியில் உள்ள வலையைச் சுத்தம் செய்யுங்கள். காவிரிக் குடிநீரை மிச்சப்படுத்த முடிந்தால் அதையே ஊற்றுங்கள். பேடு கூடுதல் நாள் உழைக்கும்.

ஏர்கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடி வைத்தால் ஈரக்காற்று அறைக்குள்ளேயே சுற்றிப் புழுங்கும். மளிகைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெல்லம், சர்க்கரை, உப்பு, அப்பளம் ஆகியவை இருக்கும் பக்கம் ஏர்கூலர் காற்று படக்கூடாது. பிலிக்கல்பாளையத்தில் பார்த்துப் பார்த்து எடுத்துவந்த நல்ல வெல்லம்கூட ஈரக்காற்று பட்டால் இளகி நிறம் மாறிவிடும்.

கொசுவையும் மறக்கக்கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஏர்கூலர் தொட்டி, பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு போன்ற இடங்களில் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் வடித்து, தொட்டியின் ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம், ஓரத்தில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும்.

பிரிட்ஜும் டீப் பிரீசரும்

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளும் இடம் பின்புறத்திலோ அடியிலோ உள்ள கண்டன்சர் கம்பிச்சுருள். அதன்மேல் மாவுத்தூசியும் மிளகாய்த்தூளும் சாக்குத் துரும்பும் படிந்திருந்தால் வெப்பம் வெளியேறாது. கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். நம் கடைகளில் இந்தத் தூசி வீட்டைவிடப் பல மடங்கு அதிகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நாலு முதல் ஆறு அங்குலம் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் அட்டைப்பெட்டியைச் சொருகக்கூடாது.

கதவின் ரப்பரைச் சோதிக்க நம் கல்லாவிலேயே கருவி இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டை ரப்பருக்கு நடுவில் வைத்துக் கதவை மூடி மெதுவாக இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். பிரீசரில் பனிக்கட்டி கால் அங்குலத்துக்கு மேல் ஏறினால் அணைத்து உருகவிடுங்கள். கத்தியாலோ திருப்புளியாலோ குத்தி எடுக்கவே கூடாது. குழாயில் ஓட்டை விழுந்தால் பல ஆயிரம் ரூபாய் செலவு.

ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே போடுங்கள். பால், தயிர், வெண்ணெய் வைக்கும் பெட்டி 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ்கிரீமும் உறைபொருளும் வைக்கும் பிரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கடை வாசலில் மேற்கு வெயில் படும்படி பிரீசரை வைத்திருப்பவர்கள் அதை உள்ளே தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் நிழலாவது அமையுங்கள்.

மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறையச் சரக்குள்ள பிரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான். சாதாரண பிரிட்ஜ் ஏறத்தாழ நாலு மணி நேரம் தாங்கும். உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைத்து விற்கக்கூடாது. வாங்கிச் சாப்பிடுவது பெரும்பாலும் குழந்தைகள். ஒரு பெட்டி ஐஸ்கிரீமின் விலையைவிடக் கடையின் பெயர் பெரியது.

ஏ.சி.

'ஒன்றரை டன் ஏ.சி.' என்கிறோமே, அந்த டன் இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். 1902ஆம் ஆண்டு அமெரிக்காவில் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் ஈரத்தால் தாள் சுருங்கி விரிவதைத் தடுக்கத்தான் வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். சரக்கைக் காக்க வந்த கருவிதான் பிறகு மனிதர்களுக்கும் பயன்பட்டது.

ஏ.சி.யின் பில்டரை நாமே கழற்றித் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். உள் காயில், வெளி யூனிட், தண்ணீர் வடியும் குழாய் ஆகியவற்றை மாசியிலேயே மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள். வெளி யூனிட்டின் முன் காலிச் சாக்கையும் அட்டையையும் அடுக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

'கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோல்போல் எரிந்து தீர்வதில்லை. ஒரே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது வரும் ஏ.சி.களில் உள்ள ஆர்-32, ஆர்-290 ஆகியவையும், புதிய பிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏவும் தீப்பற்றக்கூடியவை. எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி பண்டல் இருக்கும் குடோனில் குழாய்க்கு வெல்டிங் வைக்க அனுமதிக்காதீர்கள். சாமானை அப்புறப்படுத்தி, கதவைத் திறந்துவைத்து, விஷயம் தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள்.

வெப்பநிலையை 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓடவிடுங்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட புதிய ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படியே வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

ஒயரும் எர்த்தும்

ஏர்கூலரில் தண்ணீரும் மின்சாரமும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் அதை மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். மூன்று பின் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். ஏ.சி.க்குத் தனி லைன் இழுத்து, தடித்த செம்பு ஒயரும் அதற்கேற்ற எம்.சி.பி.யும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள்.

மளிகைக் கடை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். பிரிட்ஜின் பின்புறச் சூட்டுக்கும் ஏ.சி. ஒயருக்கும் அது வந்தே தீரும். மாசியில் ஒருமுறை டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள். கடித்த தடம் இருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் ஒயரையே மாற்றுங்கள். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருக்களில் ஸ்டெபிலைசரையும் சோதித்துக்கொள்வது நல்லது.

செலவும் வரவும்

உதாரணத்துக்கு, பிரீசரில் 15,000 ரூபாய் சரக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்ய மெக்கானிக்குக் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு நாளைக்குப் பத்து யூனிட் இழுக்கிறது, தூசியால் அதில் ஒரு யூனிட் வீண் என்றால், நூறு நாள் கோடையில் நூறு யூனிட் வீண். பயன்பாடு ஏற ஏற வீட்டு யூனிட் விலையும் படிப்படியாக ஏறுவதால், வீணாகும் யூனிட்டெல்லாம் மேல்படி விலையில்தான் கணக்காகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரே தெருவில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மெக்கானிக்கை இரண்டு நாள் அமர்த்திக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் கூலி குறையும், வேலையும் ஒழுங்காக முடியும். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்குக் கடையோரம் நிழலும் பானைத் தண்ணீரும் வையுங்கள். வெயில் அவர்கள் மேல்தான் முதலில் விழுகிறது. மாடியில் சுண்ணாம்பு அடித்தால் கீழே உள்ள அறையும் குடோனும் சூடு தணியும், இயந்திரங்களுக்கும் பாரம் குறையும். மார்ச் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன் இந்த வேலைகளை முடித்துவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.