பெட்டகத்தின் எடை
தொடரும் படங்கள் – 11

ஒரு படம் ஓடினால் இரண்டாம் பாகம் வரும், அதுவும் ஓடினால் மூன்றாவது வரும், வசூல் சரியும் இடத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். ஹாலிவுட்டின் பெரும்பாலான தொடர்படங்களின் வரலாறு இவ்வளவுதான். 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' வரிசை இந்த வழக்கத்தை மீறியது. 2001-இல், லாஸ் ஏஞ்சலிஸின் தெருக்களில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடத்தும் இளைஞர்களையும், அவர்களுக்குள் ஊடுருவும் ஒரு போலீஸ்காரரையும் பற்றிய நடுத்தர பட்ஜெட் படமாக அது தொடங்கியது. இரண்டாம் பாகத்தில் வின் டீசல் இல்லை. 2006-இல் வந்த மூன்றாம் பாகமான 'டோக்கியோ டிரிஃப்ட்'டில் பால் வாக்கரும் இல்லை. அந்தப் படம் உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 16 கோடி டாலர்தான் வசூலித்தது. தொடரிலேயே குறைந்த வசூல் அதுதான். 2009-இல் பழைய நடிகர்களை ஒன்றுசேர்த்து நான்காம் பாகத்தை எடுத்தார்கள். 36 கோடி டாலர் கிடைத்தது. அடுத்து 2011-இல் ஐந்தாம் பாகம், 'ஃபாஸ்ட் ஃபைவ்'. அதன் வசூல் 62 கோடி டாலரைத் தாண்டியது. நான்கு பாகங்கள் ஓடிக் களைத்த ஒரு தொடர் ஐந்தாவதில் புத்துயிர் பெற்றது எப்படி? ட்வெயின் ஜான்சன் வந்து சேர்ந்தார், பட்ஜெட் கூடியது, எல்லாம் பெரிதாயிற்று என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் பாதிதான் உண்மை. அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது பிரம்மாண்டம் அல்ல, எடை. திரையில் நகரும் பொருளுக்கும், கதையில் நிகழும் இழப்புக்கும் அது கொடுத்த கனம். அந்தக் கனத்தைப் பின்னால் வந்த பாகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தொடர் தேய்ந்த கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் 'ஃபாஸ்ட் ஃபைவ்' செய்த மாற்றத்தைப் பார்ப்போம். தெருப் பந்தயம் பற்றிய படம் என்றால் ஒரு குறிப்பிட்ட கூட்டம்தான் வரும், அதற்குமேல் டிக்கெட் விற்காது என்று யுனிவர்சல் நிறுவனம் கணக்கிட்டது. எனவே ஐந்தாம் பாகத்தைக் கொள்ளைக் கதையாக மாற்றினார்கள். எழுத்தாளர் கிறிஸ் மோர்கனும் இயக்குநர் ஜஸ்டின் லின்னும் முந்தைய நான்கு படங்களில் சிதறிக் கிடந்த பாத்திரங்களை ரியோ டி ஜெனிரோவுக்கு வரவழைத்தார்கள். முதல் படத்திலிருந்து வின்ஸ், இரண்டாவதிலிருந்து ரோமனும் டெஜும், மூன்றாவதிலிருந்து ஹான், நான்காவதிலிருந்து கிசெல் என ஒரு கூட்டணி சேர்ந்தது. தனித்தனியாகக் கிடந்த படங்கள் ஒரே உலகமாயின. இந்த மாற்றத்தில் அவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்குப் படத்திலேயே சான்று இருக்கிறது. நாயகர்கள் இருவரும் ரியோவின் பந்தயக்காரர்கள் கூடும் இடத்துக்குப் போகிறார்கள்; ஒரு நீல நிற போர்ஷேவைப் பணயமாக வைத்துச் சவால் விடப்படுகிறது; இதோ பந்தயம் தொடங்கப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது காட்சி வெட்டப்படுகிறது. அடுத்த காட்சியில் அந்த போர்ஷேவை ஜெயித்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பந்தயத்தால் பிழைத்த தொடர் தன் பந்தயத்தையே காட்டாமல் தாண்டிச் செல்கிறது. வேகம் மட்டும் இனிப் போதாது என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

வேகத்தின் இடத்துக்கு வந்தது கனம். படத்தின் உச்சக்கட்டத்தில் டாமும் (வின் டீசல்) பிரையனும் (பால் வாக்கர்) காவல் நிலையத்துக்குள் இருக்கும் ஒரு பிரம்மாண்ட இரும்புப் பெட்டகத்தை, இரண்டு கறுப்பு டாட்ஜ் சார்ஜர் கார்களில் இரும்பு வடம் கட்டி, சுவரோடு பெயர்த்து இழுத்துக்கொண்டு நகரத் தெருக்களில் ஓடுகிறார்கள். கதைப்படி ரியோ, படப்பிடிப்பு நடந்தது போர்ட்டோ ரிக்கோவில். இந்த ஒரு துரத்தலுக்காக எட்டடி உயரப் பெட்டகத்தில் ஆறு வகை செய்தார்கள். எதிரே வரும் வாகனங்களை மோதி நசுக்கும் நெருக்கக் காட்சிகளுக்காக, ஒரு லாரியின் முகப்பில் பெட்டகத்தின் முன்பக்கத்தை மட்டும் பொருத்தினார்கள். இன்னொன்று உண்மையில் நான்கு சக்கரம் கொண்ட வண்டி. அதன் வயிற்றுக்குள் ஹென்றி கிங்கி என்ற சண்டைக்காட்சி ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்டினார். உள்ளே வெப்பம் 38 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும் என்பதால், உடலைக் குளிரவைக்கும் உடையை அணிந்திருந்தார். வேறொரு பெட்டகம் நிஜமாகவே கார்களால் இழுக்கப்பட்டது. ஒரு திருப்பத்தில் பெட்டகம் குடைசாய்ந்து உருளும் காட்சியும் நிஜமாக நடந்ததுதான். எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அது மூர்க்கமாக உருண்டது. அந்தத் துரத்தலில் நொறுங்கிய வாகனங்கள் 200-க்கும் மேல். கணினி வேலை இந்தப் படத்திலும் உண்டு. ஆனால் பெட்டகம் தரையில் உரசும்போது தெறிக்கும் பொறியும், அது பக்கவாட்டில் வீசப்படும்போது காரின் பின்பக்கம் இழுபடும் விதமும் பொருளின் இயல்பிலிருந்து வந்தவை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இரண்டு கார்கள் சேர்ந்து அவ்வளவு பெரிய பெட்டகத்தை அந்த வேகத்தில் இழுக்க முடியுமா? முடியாது. இயற்பியல் ஆசிரியர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படியானால் இதுவும், பின்னால் வந்த ஒரு பாகத்தில் விண்வெளிக்குக் கார் போவதும் ஒரே வகைப் பொய்தானே என்று கேட்கலாம். ஒரே வகை அல்ல. சினிமாவுக்குத் தேவை இயற்பியலின் உண்மை அல்ல, பொருளின் எதிர்ப்பு. பெட்டகம் கார்களின் சொல்லைக் கேட்பதில்லை; திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப மறுக்கிறது, நிறுத்தினால் நிற்க மறுக்கிறது. நாயகர்கள் அதோடு ஒவ்வொரு தெருமுனையிலும் போராட வேண்டியிருக்கிறது. பிறகு அந்தப் பாரத்தையே ஆயுதமாக்கித் துரத்துபவர்கள் மேல் வீசுகிறார்கள். சாத்தியமற்றதைச் சாத்தியமாக்கிக் காட்டினாலும், அதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் படம் மறைக்கவில்லை. பெட்டகம் பாலத்தின் விளிம்பிலிருந்து தொங்குவதாக ஒரு காட்சியைத் திட்டமிட்டு, அந்தக் கனத்தை சார்ஜர் கார்களால் தாங்க முடியாது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். எடை 'முடியாது' என்றது, படமும் அதற்குக் கட்டுப்பட்டது. எங்கே எல்லை இருக்கிறது என்று எடுப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால், பார்ப்பவர்களுக்கும் அது உள்ளூரத் தெரிந்துவிடும்.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. 2015-இல் வந்த 'ஃப்யூரியஸ் 7'-இல் விமானத்திலிருந்து கார்கள் குதிக்கின்றன. அபுதாபியில் ஒரு கார் வானளாவிய கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் பாய்கிறது. அந்தப் படம்தான் 151 கோடி டாலர் வசூலித்து இன்றும் தொடரின் உச்சமாக நிற்கிறது. எடை குறையக் குறைய வசூல் ஏறியதே, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். முதலில், விமானக் காட்சிக்காக உண்மையான கார்களைச் சரக்கு விமானத்திலிருந்து சுமார் 12,000 அடி உயரத்தில் தள்ளிவிட்டு, கூடவே குதித்த வான்சாகசக் கலைஞர்களின் தலைக்கவசக் கேமராக்களால் படம்பிடித்தார்கள். நம்ப முடியாத காட்சிதான், ஆனால் நிஜ இரும்பு நிஜமாக விழுகிறது. இரண்டாவது காரணம் படத்துக்கு வெளியிலிருந்து வந்தது. படப்பிடிப்பின் இடைவேளையில், 2013 நவம்பர் 30 அன்று, பால் வாக்கர் கார் விபத்தில் இறந்துபோனார். இயக்குநர் ஜேம்ஸ் வானும் குழுவும் வேலையை நிறுத்தி, கதையைத் திருத்தினார்கள். வாக்கரின் தம்பிகள் கேலப், கோடி இருவரையும் உடல்மாற்றாக நடிக்கவைத்து, வேட்டா டிஜிட்டல் நிறுவனத்தின் உதவியோடு அவர் முகத்தை மீட்டு, மீதிக் காட்சிகளை முடித்தார்கள். பிரையனைக் கதையில் கொல்ல வேண்டாம், குடும்பத்தோடு வாழ அனுப்பிவைப்போம் என்ற முடிவு அவர்கள் எடுத்த முடிவுகளிலேயே உயர்ந்தது. உலகம் முழுவதும் மக்கள் திரையரங்குக்கு வந்தது கட்டடம் தாண்டும் காரைப் பார்க்க மட்டுமல்ல, ஒரு மனிதனை வழியனுப்பவும்தான். கணினி எடைக்கு எதிரி அல்ல என்பதற்கும் அந்தப் படமே சான்று. ஓர் உண்மையான இழப்பைத் தாங்குவதற்காக வந்த தொழில்நுட்பம் அந்த இழப்பின் கனத்தையே பெற்றுவிட்டது.

இதுதான் என் வாதத்தின் மறுபாதி. இரும்புக்கு எடை இருப்பதுபோல மரணத்துக்கும் எடை இருக்க வேண்டும். 'ஃபாஸ்ட் ஃபைவ்' படத்தில் வின்ஸ் சாகிறான், திரும்பி வரவில்லை. கொள்ளையில் அவன் பங்கு அவன் குடும்பத்துக்குப் போகிறது. ஆனால் அந்தப் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சொருகப்பட்ட ஒரு துண்டுக் காட்சியிலேயே நோயின் விதையும் இருக்கிறது. நான்காம் பாகத்தில் இறந்ததாகச் சொல்லப்பட்ட டாமின் காதலி லெட்டி உயிரோடு இருக்கிறாள் என்பதற்கான தடயம் அங்கே காட்டப்படுகிறது. ஆறாம் பாகத்தில் லெட்டி வந்தாள். அது ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 'டோக்கியோ டிரிஃப்ட்'டில் (கதையின் காலவரிசையில் அது ஆறாம் பாகத்துக்குப் பின்) இறந்த ஹான் 2021-இல் வந்த 'எஃப்9'-இல் உயிரோடு நடந்து வந்தார். ஆறாம் பாகத்தில், ஹானைக் காப்பாற்றத் தன் பிடியை விட்டுவிட்டு விழுந்த கிசெல், 2023-இல் வந்த 'ஃபாஸ்ட் எக்ஸ்' முடிவில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எழுந்து வந்தாள். தொடரின் மிக அழகான தியாகம் ஒரே காட்சியில் செல்லாக்காசாயிற்று. இனி யார் விழுந்தாலும் நமக்கு என்ன? அடுத்த பாகத்தில் வருவார்கள். ஒவ்வொரு படத்திலும் குடும்பம், குடும்பம் என்று டாம் பேசுகிறான். அந்தக் குடும்பத்தில் யாரையும் இழக்க முடியாது என்றான பிறகு அந்தப் பேச்சுக்குப் பொருள் ஏது?

வசூல் கணக்கு இதையே சொல்கிறது. எட்டாம் பாகம் உலக அளவில் 123 கோடி டாலர் வசூலித்தது என்பது உண்மை. ஆனால் ஒரு படத்தைப் பற்றி மக்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் அடுத்த படத்தின் வசூலில்தான் தெரியும். அமெரிக்காவில் மட்டும் எடுத்துக்கொண்டால் ஏழாம் பாகம் 35 கோடி, எட்டு 22 கோடி, ஒன்பது 17 கோடி, பத்து 14 கோடி என்று ஒவ்வொரு படியாக இறங்கியது. கொரோனா காலத்தின் பாதிப்பு என்று ஒன்பதாம் பாகத்துக்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வெளிநாட்டு ரசிகர்கள் பிரம்மாண்டத்தைத்தான் விரும்புகிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. சீனாவில் எட்டாம் பாகம் சுமார் 39 கோடி டாலர் வசூலித்தது, ஒன்பதாம் பாகம் 21 கோடி, பத்தாம் பாகம் 14 கோடி. ஹாலிவுட் படங்களுக்கே அங்கே மவுசு குறைந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பிரம்மாண்டம் காப்பாற்றும் என்ற கணக்கு பொய்த்தது என்பதில் ஐயமில்லை. 'ஃபாஸ்ட் ஃபைவ்' 12.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டது. 'ஃபாஸ்ட் எக்ஸ்' சுமார் 34 கோடி விழுங்கி 70 கோடி வசூலித்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு செலவு. பன்னிரண்டு ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகும் வசூலில் சொற்ப முன்னேற்றம்.

நிஜச் சாகசம் இருந்தால் போதும், படம் ஓடிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' ஏழாம் பாகத்தில் டாம் க்ரூஸ் நார்வேயின் மலை முகட்டிலிருந்து மோட்டார் சைக்கிளோடு நிஜமாகவே பாய்ந்தார். அப்படியும் அந்தப் படம் போட்ட பணத்துக்கு ஏற்ற வசூலைத் தரவில்லை. எடை என்பது விளம்பரத்தில் காட்டும் சாகசம் மட்டும் அல்ல. இரும்பின் கனமும் கதையின் கனமும் சேர்ந்தால்தான் அது பார்வையாளரைச் சென்றடையும். நிஜக் கனம் வேண்டும் என்பது சண்டைக் கலைஞர்களின் உயிரோடு விளையாடச் சொல்வதும் அல்ல. 2019-இல் 'எஃப்9' படப்பிடிப்பின்போது இங்கிலாந்தில் ஒரு சண்டைக் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக தயாரிப்பு நிறுவனத்துக்கு 2023-இல் எட்டு லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. எடையை உண்மையாக மதிப்பவர்கள்தான் பாதுகாப்பையும் மதிப்பார்கள். ஒரே பெட்டகத்துக்கு ஆறு வடிவம், ஓட்டுநருக்குக் குளிரூட்டும் உடை, தாங்காது என்று தெரிந்ததும் காட்சியையே ரத்து செய்வது ஆகியவை அந்த மதிப்பின் அடையாளங்கள்.

ரசிகர்கள் தர்க்கம் பார்த்தா வருகிறார்கள், மிகைதான் இந்தத் தொடரின் இன்பம் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மிகையை நானும் ரசிக்கிறேன். பெட்டகக் காட்சியும் மிகைதான். மிகைக்கு அளவுகோல் வேண்டும் என்பதே என் வாதம். கார் எதையும் செய்யும் என்றால், அது எதைச் செய்தாலும் வியப்பில்லை. 'எஃப்9'-இல் ரோமனும் டெஜும் ராக்கெட் பொருத்திய பழைய போன்டியாக் காரில் விண்வெளிக்கே போய்விட்டார்கள். அதற்குமேல் உயரம் இல்லை. அடுத்த படம் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். 'ஃபாஸ்ட் எக்ஸ்' தன் முதல் காட்சியாக மீண்டும் ரியோவுக்கே போனது, அதே பெட்டகத் துரத்தலையே திரும்பக் காட்டியது. அந்தப் பெட்டகத்தைப் பறிகொடுத்த ரெயஸின் மகன்தான் புதிய வில்லன். ஜேசன் மொமோவா நடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளும் ஐந்து படங்களும் கடந்து, ஒரு பகைக்கு வலுவான காரணம் தேவைப்பட்டபோது, தொடர் நாடியது விண்வெளியையோ நீர்மூழ்கிக் கப்பலையோ அல்ல. அதன் நினைவில் கனத்தோடு தங்கியிருந்த ஒரே காட்சியை.

எனவே இந்தத் தொடரின் இறுதிப் பாகத்தை எழுதுகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, காரை எங்கே பறக்கவிடுவது என்பதை அல்ல; எதை அதனால் தூக்க முடியாது, யாரை அந்தக் குடும்பத்தால் திரும்பப் பெற முடியாது என்பதை. இந்த இரண்டு எல்லைகளையும் போட்டுக்கொண்டால் கதை தானாகக் கனம் பெறும். பெரிய தொடர்படம் எடுக்க நினைக்கும் எந்த மொழிக்காரர்களுக்கும் இது பொருந்தும். பட்ஜெட்டை ஏற்றுவது எளிது. நாயகனால் முடியாதது ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். 2011-இல் ஜஸ்டின் லின் குழுவுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. அதன் பலனில்தான் அடுத்த பத்தாண்டுகள் இந்தத் தொடர் வாழ்ந்தது.

(தொடரும்)