இரும்பு மாத்திரையும் தேத்தண்ணீரும்

மனித உடலில் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம், துத்தநாகம் ஏறத்தாழ 2 கிராம், செம்போ 0.1 கிராம் அளவினதே. அளவிற் சிறியவையாயினும் இவற்றுள் ஒன்று குறையினும் உடல் நலியும்.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், ஒரு காலத்தில் கொக்கிப்புழு குருதியை உறிஞ்ச, தொழிலாளர் சோகையால் வாடினர். இன்று தோட்டங்கள் பல மறைந்தன. மக்கள் ஈப்போ போன்ற நகர்களிற் குடியேறினர். சோகை மட்டும் விடைபெறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மகளிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் சோகையுற்றவர். கருவுற்ற மகளிர்க்கு அரசாங்க மருந்தகங்கள் இரும்பு மாத்திரை வழங்குகின்றன. அதனை நாள் தவறாது உண்டும் குருதி ஊறாதார் உளர். காரணம் யாது?

காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று தேத்தண்ணீர். பசியாறும்போதே தேத்தண்ணீரும் மாத்திரையும் ஒருங்கே உட்செல்லின், தேயிலையின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக் கரையாத பொருளாக்கிவிடும். கரையாததைக் குடல் ஏற்பதில்லை. சோற்றிலுள்ள இரும்பும், இரும்பு உப்புக் கரைசலும் தேநீரோடு சேர்ந்தால் குறைவாகவே உடலிற் சேர்கின்றன என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் 1975இல் வெளியிட்டனர். பால் கலப்பதால் இக்குறை நீங்கிவிடாது.

சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புக்குத் தடையே. இரைப்பை எரிச்சலுக்கு உண்ணும் ஒமிப்பிரசோல் அமிலத்தைக் குறைப்பது. இரும்பு கரைவதற்கோ அமிலம் வேண்டும். ஆகவே அம்மருந்தை நெடுநாள் உண்போர்க்கு இரும்பு குறையக்கூடும்.

துத்தநாகத்தின் செயல் வியப்பானது. அதனை அளவு மீறிப் பல மாதம் உண்டால், குடலின் உயிரணுக்களில் ஒரு புரதம் மிகுதியாகத் தோன்றும். அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அணுக்கள் உதிரும்போது செம்பும் உடன் கழியும். செம்பு குறைந்தால் சோகை மட்டுமன்றி நரம்புத் தளர்ச்சியும் நேரும். வலிமைக்கென வாங்கிய மாத்திரையே நோய்க்கு வித்தாகிவிடும்!

இதற்கு வழி எளிது. இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குக. எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ உடனுண்டால் இரும்பு நன்கு சேரும். தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக. சுண்ணாம்புச் சத்தை வேறு வேளைக்கு ஒதுக்குக. தைராய்டு மருந்து உண்போர் அதற்கும் இரும்புக்கும் இடையே 4 மணி நேரம் விடுதல் வேண்டும். மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உண்பவை அனைத்தையும் அவரிடம் ஒளியாது கூறுதல் நன்று.

மருந்து பயன் தரவில்லை என்று நோயாளியைக் கடிவதற்குமுன், அதனை எதனோடு உண்டார் என்று வினவுதல் முறையாகும்.