செய்தியும் குடும்பமும்

காலையில் வானொலியைத் திருப்பினால் செய்தி வருகின்றது. வாயிலில் நாளிதழ் வந்து விழுகின்றது. இக்காலத்தில் இவ்விரண்டிற்கும் முன்னதாகவே கைப்பேசி செய்தியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிடுகின்றது. அரசுகள் மாறுவதையும், நாடுகள் பூசலிடுவதையும், பொன்னின் விலை ஏறுவதையும் கேட்கின்றோம். சிறிது நேரம் பேசுகின்றோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். ஆனால் மூவகைச் செய்திகள் அவ்வாறு நம்மை விட்டு நீங்குவதில்லை. உடல்நலம், பாதுகாப்பு, கல்வி ஆகியவற்றைப் பற்றிய செய்திகளே அவை. அவை திண்ணையோடு நிற்பதில்லை, அடுக்களைக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. நாளிதழுக்கு அது ஒரு நாள் செய்தி. விடியுமுன் நடவுக்குப் புறப்படும் ஒரு தாய்க்கோ, அது நாள்தோறும் அடுப்பு மூட்டும் நேரத்தையே மாற்றிய செய்தி. ஆயினும் அவள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. முன்பு பள்ளி மணி அடிக்கும் வேளைக்கு அனுப்பிய பிள்ளையை, இப்போது உணவு பரிமாறும் வேளைக்கே அனுப்ப வேண்டும். அதைச் செய்யாத வீட்டில் அந்தச் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. செய்தியின் போக்கு இதற்கு நேர்மாறானது. அது எங்கோ, எவருக்கோ நிகழ்ந்ததிலிருந்து தொடங்குகின்றது. அதை நம் வீட்டு வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. அப்பொறுப்பை நிறைவேற்ற மூன்று கேள்விகள் துணை செய்யும். இதைச் சொன்னவர் யார்? இது நம் வீட்டிற்கும் பொருந்துமா? இன்று நாம் செய்ய வேண்டியது என்ன? இம்மூன்றையும் நான் நூலில் படித்து அறியவில்லை. தவறியும் தடுமாறியும் கற்றுக்கொண்டேன். அக்கதையையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

முதலில் உடல்நலம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் வேறு சில மாநிலங்களிலும் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகள் வரை எல்லாருக்கும், முன்பு ஊசி போட்டிருந்தாலும், மீண்டும் ஒரு முறை போடுவது திட்டம். அப்போது நான் தஞ்சைப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊசி போடும் நாள் குறிக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னதாக, அவ்வூசியால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்றொரு செய்தி கைப்பேசி வழியே ஊரெங்கும் பரவியது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில், யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்பதும் இல்லை. எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற வேண்டுகோள் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை முப்பது தாய்மார்களுக்குக் குறையாமல் பள்ளி வாயிலில் நின்றார்கள். "எங்க புள்ளைங்களுக்கு வேணாம் சார்" என்றார்கள். "அரசாங்கம் போடுவது, நல்லதாகத்தான் இருக்கும்" என்று நான் விடையளித்தேன். என் விடையில் வலிவில்லை என்பதை நானே உணர்ந்தேன். ஏனெனில் முந்திய இரவு திருச்சியிலிருந்து என் மகள் பேசினாள். அவளுக்கும் அதே செய்தி வந்திருந்தது. மூன்று வயதுப் பேத்திக்கு ஊசி போடலாமா என்று கேட்டாள். "இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தேன். தலைமையாசிரியனாக ஊரார்க்கு ஒரு விடை, தந்தையாக மகளுக்கு வேறொரு விடை! இதைவிட வெட்கத்திற்குரியது என்ன இருக்கின்றது?

அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று மருத்துவரிடம் அரைமணி நேரம் பாடம் கேட்டேன். நம் முன்னோர் மணல்வாரி என்று அழைத்த தட்டம்மை, நோய்களிலெல்லாம் மிக விரைவாகத் தொற்றுவது. தடுப்பாற்றல் இல்லாதவர் நடுவே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைப் பரப்பக்கூடும். அவர் ஓர் அறையை விட்டு அகன்ற பின்னும் இரண்டு மணி நேரம்வரை அவ்வறைக் காற்றில் கிருமி தங்கக்கூடும். ரூபெல்லா சிறுவர்க்கு எளிய காய்ச்சலாக வந்து போகும். ஆனால் கருவுற்ற முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்கு வருமாயின், பிறக்கும் குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுக்கும். தட்டம்மைத் தடுப்பூசி 1985ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்திலேயே இடம் பெற்றது. புதிதாகச் சேர்ந்தது ரூபெல்லா. ஊசி போட்டபின் சிலருக்குச் சிறு காய்ச்சலோ தடிப்போ வரலாம். மிக அரிதாக ஒவ்வாமை ஏற்படலாம். அதற்காகவே அரைமணி நேரம் பிள்ளைகளை அங்கேயே இருத்திக் கவனிக்கின்றார்கள். இவ்வளவையும் அவர் மறைக்காமல் கூறினார். தீங்கே வராது என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஐயம் தீர்ந்திராது. வரக்கூடியது எது, வந்தால் செய்வது என்ன என்று சொன்னதாலேயே தெளிவு பிறந்தது.

அங்கிருந்தபடியே மகளுக்குப் பேசினேன். மறுநாள் தாய்மார்களை அழைத்து, மருத்துவர் கூறியதையும், முதல்நாள் இரவு நானே தயங்கியதையும் ஒளிவின்றிச் சொன்னேன். பெரும்பாலோர் இசைந்தனர், சிலர் இறுதிவரை இசையவில்லை. இசையாதவர்களை அறியாதவர்கள் என்று நான் பழிக்க மாட்டேன். பெயரில்லாத செய்திக்கு நான்கு நாள் முன்பே பெயருள்ள மனிதராகிய நாங்கள் சென்று விளக்கியிருக்க வேண்டும். சொன்னவர் யார் என்ற கேள்வியின் மறுபாதி இதுதான்: சொல்ல வேண்டியவர் வாய் திறந்தாரா?

அடுத்தது பாதுகாப்பு. இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மறக்க இயலாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையலிடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. மாடியில் இருந்த சிறுவர்களுக்கு இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு ஒன்றே வழி. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்டனர்.

மறுநாள் எங்கள் பள்ளியில் வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். ஆசிரியைகள் அழுதனர். எங்கள் கட்டடத்திற்குக் கீற்றுக் கூரை இல்லை என்பதில் என் உள்ளத்தின் ஒரு மூலையில் சிறிது ஆறுதலும் இருந்தது. அன்று பிற்பகல் ஒரு மாணவியின் தந்தை வந்தார். கொத்தனார் வேலை செய்பவர். நீண்ட கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்துவிட்டு, "சார், அந்தப் பின்கதவு திறக்குமா?" என்று கேட்டார்.

அது திறக்காது. பின்புறம் குளம் இருந்தது. பிள்ளைகள் இடைவேளையில் அங்கே ஓடிவிடக் கூடாது என்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கதவைப் பூட்டச் சொன்னவன் நானே. பூட்டிய கதவின்மேல் உடைந்த பலகைகளை அடுக்கியிருந்தோம். சாவியைத் தேடினோம், கிடைக்கவில்லை. அக்கூடத்தில் நாள்தோறும் நூற்றிருபது பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் ஒரே வாயில். அந்தத் தந்தை என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. தாமே பூட்டை உடைத்துத் தந்தார். அடுத்த வாரம் குளத்தங்கரையில் ஒரு வேலி அமைத்தோம். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். வேலிக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துவதற்காகக் கதவைப் பூட்டியிருந்தேன்.

இது நம் வீட்டிற்கும் பொருந்துமா என்ற கேள்வியை அன்று கேட்டவர் அவர். படித்துப் பட்டம் பெற்ற நான் கேட்கவில்லை. கீற்றுக் கூரை இல்லை என்று செய்தியின் புறத்தோற்றத்தைப் பார்த்து நான் அமைதியுற்றேன். வெளியேற வழி உண்டா என்று செய்தியின் உட்பொருளை அவர் பார்த்தார். அந்தத் துயரத்திற்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் பெரும் பேறுகள். ஆனால் எந்தக் கதவு பூட்டியிருக்கின்றது என்பதை நீதிமன்றம் வந்து பார்க்க இயலுமா? பிள்ளையை விட வரும் பெற்றோர்தாம் பார்க்க இயலும். ஆண்டிற்கு ஒரு முறையேனும் உங்கள் பிள்ளை அமரும் அறைவரை சென்று பாருங்கள். எந்தத் தலைமையாசிரியரேனும் அதனால் முகம் சுளித்தால், இந்தக் கிழவனின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது கல்வி. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் மீண்டும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில். ஏறத்தாழ இருபது மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைப்பேசி உள்ள வீடுகளில் அதன் வழியும் பாடம் நடந்தது. எல்லாரும் தேர்ச்சி என்ற செய்தியும் வந்தது. ஏட்டில் வகுப்பு ஏறியது, எழுத்தறிவு ஏறவில்லை.

பள்ளி திறந்து சில வாரங்களுக்குப் பின், என் வண்டியின் சக்கரம் காற்றிறங்கி ஒரு பட்டறையில் நின்றேன். எண்ணெய் படிந்த கையோடு ஒரு சிறுவன் வந்து, "வணக்கம் சார்" என்றான். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் நான்காம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவன். பள்ளி திறந்தது தெரியாதா என்றேன். தெரியும் என்று தலையசைத்தான். மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் தாய் சொன்னாள்: "சேதி கேட்டேன் சார். ஆனா அவன் கொண்டாற நூறு ரூபாய்லதான் வாரக் கடன் அடையுது. போனாலும் அவனுக்கு இப்பப் படிக்க வரல, கூச்சப்படுறான்."

பள்ளிகள் திறந்தன என்ற செய்தி அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்துதான் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிதான் வரவில்லை. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்பதைப் பட்டறைக்காரரிடம் எடுத்துரைத்தேன். சட்டம் சொல்வது எளிது. கூச்சத்தைப் போக்குவது அரிது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின்படி, அத்தெருவிலேயே ஓர் இளம்பெண் மாலை வேளையில் ஒரு திண்ணையில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தாள். தன்னிலும் சிறிய பிள்ளைகளோடு உட்கார அவன் முதலில் மறுத்தான். நான் அவனருகே சில மாலைகள் உட்கார்ந்தேன். 2022 ஜூனில் அவன் ஒன்பதாம் வகுப்பிற்குச் சென்றான். வாரக் கடனை உடன்பிறந்த மாமன் ஏற்றுக்கொண்டார். அதே பட்டறையில் இருந்த மற்றொரு சிறுவனை என்னால் மீட்க இயலவில்லை. அவன் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அவனைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.

நேயர்களே, இன்று நாம் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றாவது கேள்வியின் அருமையை அச்சிறுவர் இருவரும் எனக்கு உணர்த்தினர். செய்தி கேட்ட அன்றைக்கே ஒரு சிறு செயலைச் செய்துவிட வேண்டும். உடல்நலச் செய்தியில் ஐயமா? கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். பள்ளியைப் பற்றிய ஐயமா? தலைமையாசிரியரிடம் செல்லுங்கள், 14417 என்ற எண்ணும் அதற்கென்றே உள்ளது. ஒரு பிள்ளை வேலைக்குப் போவதையோ துன்புறுவதையோ கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு நீங்களே சென்று செய்தியை விளக்குங்கள். பெயரில்லாத செய்தி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் விரலைச் சிறிது நேரம் மடக்கி வையுங்கள்.

இன்றும் நான் எந்தப் பொதுக்கூடத்திற்குச் சென்றாலும், உட்காருமுன் பின்கதவைத் தொட்டுப் பார்க்கின்றேன். உடன் வருபவர் நகைப்பதுண்டு. திறக்கின்றது என்று அறிந்த பிறகுதான் எனக்கு அமர மனம் வருகின்றது. நீங்களும் நாளை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் சென்று, அப்படி ஒரு கதவைத் தொட்டுப் பாருங்கள்.