தேர் திரும்பும்... கார் திரும்புமா?

போன கார்த்திகையில் ஒரு நாள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அக்காவையும் ஏற்றிக்கொண்டு மருமகனின் காரில் போய்க்கொண்டிருந்தோம். (மருமகன் என்றால் அக்கா பையன். என் பெண்ணுக்கு வயசு ஆறுதான். அவசரப்படாதீர்கள்!)

பி.முட்லூர் தாண்டி, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட இடதுபக்கம் ஒதுங்கினான். மழையில் ஊறிய மண். 'சளுக்'! முன்சக்கரம் இறங்கிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், சேற்றில் இருக்கும் சக்கரம் மட்டும் மாவு கிரைண்டர் மாதிரி சுற்றுகிறது. தார் ரோட்டில் இருக்கும் வலது சக்கரமோ, மாதக் கடைசி சம்பளக்காரன் மாதிரி அசையாமல் நிற்கிறது.

நல்லவேளை, வயலிலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. கயிறு கட்டி இழுத்துவிட்டார் அதன் டிரைவர்.

"உங்க வண்டி மட்டும் எப்படிண்ணே சேத்துல மாட்டாம போவுது?"

"மாட்டத்தான் செய்யும் சார். மாட்டுனா இதோ, இந்தப் பெடலைக் குதிகாலால மிதிப்போம். ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும், ஏறி வந்துடும். ஆனா திரும்பறப்ப மிதிச்சுடக் கூடாது. வண்டி திரும்பாது. நேராப் போயி வாய்க்கால்ல வுட்டுடும்!"

மருமகன் துள்ளிக் குதித்தான். "மாமா, இதைத்தான் ஆறு மாசமா சொல்றேன். என் காருக்கும் ஒண்ணு போடணும்!"

பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டோகிராஸ். அமெரிக்காவில் இதைக் காலி பார்க்கிங் மைதானத்தில் கூம்புகளை நட்டு ஓட்டுவார்கள். நம்மூரில் பெரும்பாலும் மண் மைதானம். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தோடுதான் போட்டி. கையில் காசு இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் ஒரு நாள் ஓட்டிவிட்டு வருவான். அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்தது. அதற்குப் பிறகுதான் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு இருங்காட்டுக்கோட்டை வந்தது. 2003-இல் கோவை அருகே, மறைந்த கரிவரதன் பெயரில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே'யும் சேர்ந்துகொண்டது.

அவன் ஆசைப்படுவது 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்'. நான் பி.காம். எனக்குத் தெரிந்த 'டிஃபரென்ஸ்' எல்லாம் டிரையல் பாலன்ஸில் இடிக்கும் டிஃபரென்ஸ்தான். ஆனாலும் சிதம்பரம் கீழவீதி முனையில் காரை நிறுத்தியதும் விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது.

ஆனியிலும் மார்கழியிலும் இங்கே தேர் ஓடுகிறதே, நான்கு வீதி முனையிலும் திரும்ப வேண்டும். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கச் சக்கரம் குறைவாகப் போகும். தேரில் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன, அதனால் சிக்கலில்லை. இழுப்பது வடம். சக்கரம் சும்மா உருண்டால் போதும்.

கார் அப்படியா? சக்கரமே தள்ள வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் அதிகம் ஓடும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் வேறு வேறு வேகம் கொடுத்து, சக்தியை மட்டும் சமமாகப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரென்ஷியல்.

இந்த 'சமம்' என்பதில்தான் வம்பு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது வாங்கிக்கொள்ளும் சக்தி கொஞ்சம்தான். இன்னொன்றுக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும்! ரேஸில் வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்சக்கரம் லேசாகி வீணாகச் சுழல, கார் தவிக்கிறது.

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் ஆட்டோ யூனியன் ரேஸ் காரை உருவாக்கியபோதும் இதே தலைவலி. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றதாம். 1935-இல் இசட்.எஃப். கம்பெனியிடம் சொல்லி, வழுக்கலுக்கு வரம்பு கட்டும் டிஃபரென்ஷியலைச் செய்ய வைத்தார். அதுதான் 'லிமிடெட் ஸ்லிப்'.

சரி, எதை வாங்குவது? மருமகன் சொன்னதை என் கணக்குப் புத்தகத்தில் இப்படிப் பதிந்துகொண்டேன்.

பிளேட் டைப்: உள்ளே கிளட்ச் போல அடுக்கடுக்காகத் தகடுகள். ஒரு சக்கரம் தனியாக ஓடப் பார்த்தால் தகடுகள் நெருக்கிப் பிடிக்கும். சக்கரம் அந்தரத்தில் தூக்கினாலும் ஓரளவு பிடி உண்டு. பள்ளமும் மேடுமான மண் மைதானத்துக்கு இது பலம். ஆனால் தகடு தேயும், இதற்கென்று தனி ஆயில் வேண்டும், அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். இதிலும் ஒன்வே, ஒன்றரை, டூவே என்று உண்டு. ஒன்வே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் பிடிக்கும். டூவே காலை எடுத்தாலும் பிடிக்கும். முன்சக்கரம் இழுக்கும் காருக்கு டூவே போட்டால், வளைவுக்குள் நுழையவே மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

ஹெலிகல் டைப்: தகடே கிடையாது, சாய்ந்த பல்சக்கரங்கள்தான். தேய்மானம் குறைவு, சாதாரண கியர் ஆயிலே பெரும்பாலும் போதும், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று பிடுங்காது. வழுக்கும் சக்கரத்தின் பிடியைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மறு சக்கரத்துக்குக் கொடுக்கும். பலவீனம் என்னவென்றால், ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தூக்கிவிட்டால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். (இது பி.காம். மூளைக்கு உடனே ஏறியது.) தார் டிராக்குக்கும், தினசரி ஓட்டும் காருக்கும் இதுவே சாது.

வெல்டிங்: டிஃபரென்ஷியலைப் பற்றவைத்து ஒரே கட்டையாக்கிவிடுவது. மருமகன் தயங்கித் தயங்கி இதைச் சொன்னான். "இறக்குமதி சாமான்னா ஒரு பைக் விலை வந்துடும் மாமா. எங்க பட்டறைக்காரர் சில ஆயிரத்துல வெல்டிங் அடிச்சுத் தரேங்கறார். நாளைக்கே வண்டியை விடலாம்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காரில்தான் அவன் லீவில் வந்தால் அக்காவை முட்டி வலி வைத்தியத்துக்குச் சிதம்பரம் அழைத்துப் போகிறான். டிராக்டர்காரர் பெடலிலிருந்து காலை எடுத்துவிடலாம். வெல்டிங்கிலிருந்து எதை எடுப்பது? ஒவ்வொரு திருப்பத்திலும் முன்டயர்கள் தரையில் இழுபடும், ஸ்டீயரிங் கனக்கும், டிரைவ் ஷாஃப்ட் முறியலாம். மழை ரோட்டில், வளைவில், ஓரத்தில் வாய்க்கால் வேறு...

"மாப்ளே, வண்டி உன்னுது. ஆனா பின் சீட்டு எங்க அக்காவுது. நாளைக்குப் பட்டறைக்குப் போனேன்னா, இனிமே அக்காவை நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் முகம் விழுந்துவிட்டது.

சிதம்பரத்தில் காபி வாங்கிக் கொடுத்து சமாதானமாகி, இருவரும் ஒரு பட்ஜெட் போட்டோம். முதல் வருஷம் நல்ல டயர், வீல் அலைன்மென்ட், நிறையப் பயிற்சி. ஓட்டுகிற கை பழகாமல் சாமான் மட்டும் வாங்கி என்ன பிரயோஜனம்? அதற்குள் எந்தப் பிரிவில் போட்டியிடுகிறானோ, அதன் விதிப்புத்தகத்தில் லிமிடெட் ஸ்லிப்புக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். சில பிரிவுகளில் கிடையாது. வாங்கிய பிறகு தெரிந்தால் தெண்டம். அப்புறம் ஹெலிகல். அவன் காரில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி மாட்டும் கூலியும் கணக்கில் வரவேண்டும். கிளட்ச் மாற்றும் சமயத்தில் சேர்த்துச் செய்தால் ஒரு கூலி மிச்சம்.

மருமகன் பட்டறைக்காரருக்கு அங்கேயே போன் போட்டு, "வேணாம்ணே" என்றான். எனக்கு அப்போதுதான் காபி இனித்தது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அதே இடம், எதிரே அதே மாதிரி ஒரு பஸ். மருமகன் ஓரம் கட்டவில்லை. நல்ல கெட்டித் தரையாகப் பார்த்து முன்கூட்டியே நிறுத்தி வழிவிட்டான். ஒரு ரூபாய் செலவில்லாத லிமிடெட் ஸ்லிப்!

பின்சீட்டிலிருந்து அதுவரை பேசாத அக்கா சொன்னாள்:

"காலையிலேருந்து சக்கரம், சக்கரம்னு ரெண்டு பேரும் சுத்தினது போதும் தம்பி. உங்க வாய்க்குப் போடறதுக்கு ஏதாச்சும் லாக் இருந்தா, காசு நான் தரேன்!"