வைரம் சூழ்ந்த வட்டம்

மேலைநாடுகளில், மணமகன் மணமகளின் விரலில் மோதிரம் அணிவிப்பதே திருமண நிச்சயத்தின் அடையாளம். ஒற்றை வைரம் பதித்த மோதிரமே அங்கு நெடுங்காலம் கோலோச்சி வந்தது. அதனோடு இன்று போட்டியிட்டு நிற்பது 'ஹாலோ' எனப்படும் ஒளிவட்ட மோதிரம். நடுவே ஒரு பெரிய கல். அதனைச் சுற்றி வளையமாகப் பொடி வைரங்கள். பெண்மணிகளின் உள்ளத்தை இது இவ்வளவு தூரம் கவர்ந்தது ஏன்?

இளவரசியின் விரலில்

இவ்வமைப்பு புதியதன்று. 1840 பிப்ரவரியில், திருமணத்திற்கு முந்தைய நாள், விக்டோரியா அரசிக்கு ஆல்பர்ட் இளவரசர் அளித்த மார்பணியில் ஒரு பெரிய நீலக்கல்லைச் சுற்றி 12 வைரங்கள் இருந்தன. 1981 பிப்ரவரியில் டயானா தேர்ந்தெடுத்த நிச்சயதார்த்த மோதிரமும் அதே சாயல் கொண்டதுதான்: 12 காரட் நீலம்; சூழ 14 வைரங்கள். அந்த நீலம் இலங்கை மண் ஈன்றது. இரத்தினபுரிச் சுரங்கங்களையும், பேருவளை சீனன்கோட்டையில் முஸ்லிம் வணிகர்கள் நடத்திவரும் இரத்தினச் சந்தையையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 2010இல் டயானாவின் மகன் வில்லியம் அதே மோதிரத்தைக் கேத்தரினுக்கு அணிவித்தபோது, அதன் சாயலில் மோதிரம் வேண்டுமென உலகெங்கும் பலர் விரும்பினர்.

கண்ணும் கணக்கும்

அழகுக்கு அப்பால் ஒரு கணக்கும் இதில் உண்டு. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அவ்வெடையுள்ள வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர். அரை காரட் வைரமோ ஐந்து மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதனைச் சுற்றி ஒன்றேகால் மில்லிமீட்டர் கற்களை அடுக்கினால், முழு முகப்பும் ஏழரை மில்லிமீட்டரைக் கடந்துவிடும். அரை காரட் கல், ஒரு காரட் கல்லினும் அகன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது!

விலையிலோ வேறு கதை. வைரத்தின் எடை இருமடங்கானால், விலை இருமடங்கிற்கும் மேல் ஏறும். பெரிய கல் அரிது. சூரத் பட்டறைகளில் ஏராளமாகத் தீட்டப்படும் பொடிக் கற்கள் அத்துணை அரிதல்ல. எனவே குறைந்த செலவில் நிறைந்த தோற்றம் கிட்டுகிறது. தமிழகத்து ஏழுகல் வைரத்தோடும் இந்த நுட்பத்தை அறிந்ததே. நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக அமைந்த கற்கள், தொலைவிலிருந்து பார்ப்போருக்கு ஒரே பெருங்கல்லெனத் தோன்றுகின்றன அன்றோ?

வாங்குமுன் கேளுங்கள்

கண்ணை மயக்கும் இவ்வழகு பணப்பையையும் மயக்கிவிடக் கூடாது. 'மொத்தம் ஒரு காரட்' என்று கடைக்காரர் சொன்னால், நடுக்கல் எவ்வளவு, சுற்றுக்கற்கள் எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். அரையும் அரையும் சேர்ந்த ஒரு காரட், ஒற்றைக் கல்லான ஒரு காரட்டுக்கு ஒருபோதும் ஈடாகாது. பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் பொடிக் கற்களுக்குப் பெரும்பாலும் மிகச் சொற்ப விலையே கிடைக்கும். கல் பூமியில் தோண்டியெடுத்ததா, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதா என்பதை வெறும் கண்ணால் பிரித்தறிய இயலாது. விலையிலோ பெருத்த வேறுபாடு உண்டு. ஆதலால் இவ்விவரங்கள் யாவும் ரசீதில் எழுத்தால் இடம்பெற வேண்டும்.

பராமரிப்பும் கவனத்திற்குரியது. சிறு கற்களைப் பற்றி நிற்கும் கொக்கிகள் நுண்ணியவை. துணியில் சிக்கினால் வளையும், கல் உதிரும். சோப்பும் எண்ணெயும் இடுக்குகளில் படிந்து ஒளியை மங்கச் செய்யும். விரல் பருத்தால் மோதிரத்தைப் பெரிதாக்குவதும் ஒற்றைக்கல் மோதிரத்தைப்போல் எப்போதும் எளிதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நகைப் பத்தரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

சிறியவை சூழ்ந்து நின்று நடுநாயகத்தை உயர்த்திக் காட்டுவதே இம்மோதிரத்தின் இரகசியம். அத்தோற்றத்தை விரும்பி வாங்குவதில் தவறில்லை. தோற்றத்திற்குக் கொடுக்கும் விலை எது, கல்லுக்குக் கொடுக்கும் விலை எது என்பதைப் பிரித்தறிந்து வாங்குவோர் ஏமாறமாட்டார்கள்.