ஜெர்மன் கார் வயிற்றைத் திறந்து பார்த்த மதியம்

லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே போகிறது. அதன் தோளில் ஒரு வெள்ளை ஜெர்மன் செடான்! அண்ணாந்தபடி நான் அடியில் நிற்கிறேன். பளபளப்பெல்லாம் மேலே போய்விட்டது. இங்கே வேறு உலகம்: அலுமினியத் தகடுகள், ரப்பர் புஷ்கள், வரிசை பிடித்து ஓடும் குழாய்கள், சைலன்சர் குழாயைச் சுற்றி ஒரு பிடி வைக்கோல்.

“அறுப்பு நேரத்துல ரோட்டுல கிடந்ததை இழுத்துட்டு வந்திருக்கு. சூட்டுல பத்திக்கும் சார்” என்று மெக்கானிக் பாய் அதைப் பிடுங்கி எறிகிறார். வயல் ஓரச் சாலையில் ஓடும் தாழ்ந்த வண்டிக்கு முதல் எதிரி இதுதான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் போகும் வழியில் ஒரு பட்டறை. தகரக் கூரை, உப்புக் காற்று, ஓரத்தில் இரண்டு மீன் வண்டிகள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்காக அவருடைய அக்காவும் மாமாவும் இந்தக் காரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சென்னை வண்டி. கேட்கும் விலை 9 லட்சம். முன்பணம் கொடுக்கும் முன் பாய் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று வந்தார்கள். அவர் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்ததே, அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

சின்ன சொகுசுக் கார்கள் இந்தியாவில் களைகட்டியது 2013, 2014இல். மெர்சிடிஸ் ஏ கிளாஸும் பி.எம்.டபிள்யூ. 1 சீரிஸும் 2013இல் வந்தன. ஆடி ஏ3 செடான் 2014 ஆகஸ்டில் வந்தபோது ஷோரூம் விலை 22.95 லட்சத்தில் தொடங்கியது. அந்த ஆண்டின் உலகக் கார் விருதும் ஏ3க்குத்தான். அந்தத் தலைமுறை இன்று பத்து லட்சத்துக்குள் கைமாறுகிறது. வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரி பாகம் இன்னும் 23 லட்ச ரூபாய் வண்டியின் விலையிலேயே நிற்கிறது!

அடுத்து நடந்ததுதான் எனக்குத் திருவிழா. மேசைமேல் பழைய துணி விரித்து, வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்றைப் பாய் வைத்தார். மெக்கட்ரானிக். கியர் பாக்ஸின் மூளையும் கையும் இதுவே. இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸில் 1, 3, 5, 7 ஒரு கிளட்சுக்கு. 2, 4, 6 இன்னொன்றுக்கு. நடவு வயலில் ஒரு முடி நாற்று நட்டு முடிவதற்குள் அடுத்த முடி கைக்கு எட்டும் தூரத்தில் வந்து விழுமே, அதே வேகம்! மூன்றாவது ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கிறது. இதைச் செய்யும் எண்ணெயின் அழுத்தம் 60 பார் வரை போகும். நாம் டயரில் அடிக்கும் காற்று 2 பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த அழுத்தத்தைத் தாங்கும் அலுமினியக் கூட்டில் பாய் டார்ச் அடித்தார். முடியளவு விரிசல். அதன் வழியே எண்ணெய் கசிய, அந்த வண்டி நடுரோட்டில் கியர் விழாமல் நின்றுவிட்டதாம்.

ஊருக்கு ஊர் இந்தக் கதை உண்டு. டி.எஸ்.ஜி. என்ற, உலர் கிளட்ச் போட்ட ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்காக 2013 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், நின்று நின்று ஓடினால் கியர் பெட்டிக்கு வரும் மின்சாரத்தில் கோளாறு வரலாம் என்பது காரணம். வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று ஓடுவது. நாகப்பட்டினக் கடைத்தெருவைச் சொன்னதுபோலவே இல்லையா!

“புதுசு போட்டா எவ்வளவு பாய்?” அக்கா கேட்டார்.

“ஒன்றரையிலேர்ந்து ரெண்டரை லட்சம்மா. கூட்டை மட்டும் சரிபண்ண ஆள் கிடைச்சா அம்பதாயிரம் வாக்குல முடியும். கிளட்ச் செட்டும் தேஞ்சிருந்தா இன்னொரு லட்சம்.”

மாமா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்.

மற்றவற்றைப் பாய் நடந்துகொண்டே சொன்னார். ரன்ஃபிளாட் டயர் ஒன்று 15,000 முதல் 20,000. பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானால் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓட்டலாம், அதாவது இங்கிருந்து தஞ்சாவூர் எட்டுவதே சந்தேகம். கம்பெனி ஒர்க்‌ஷாப் தேடி திருச்சிப் பக்கம் போவதென்றால் 140 கி.மீ. முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டன்சரின் மெல்லிய இதழ்களை உப்புக் காற்று அரித்துவிடும். பி.எம்.டபிள்யூ. 118டி போன்ற வண்டிகளில் இருந்த என்47 டீசல் எஞ்சினுக்கு டைமிங் செயின் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி; அதைத் தொட வேண்டுமானால் பெட்டியையே இறக்க வேண்டும், பில்லில் கூலிதான் பெரிது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒலி கேட்டால் அந்த வண்டியைத் தொடாதீர்கள் என்றார். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் மட்டுமே ஓடும் டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு நீண்ட, வேகமான ஓட்டம் வேண்டும்.

வெள்ளை செடான் கீழே இறங்கியது. ஸ்கேனரில் ஒரு கோளாறும் இல்லை. ஓட்டிப் பார்த்ததில் கியர் வெண்ணெய்போல் மாறியது. அக்கா முகத்தில் சிரிப்பு. எனக்கே கை தட்டத் தோன்றியது!

பாய் மட்டும் பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார். யாரும் இழுக்காத கடைசி முழம்வரை இழுத்தார். சாம்பல் நாடாவில், ஒரு கோடு போட்டதுபோல், பழுப்புக் கறை. பிறகு சீட் தண்டவாளத்தின் அடியில் விரல் விட்டார், துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்று சென்னை மூழ்கிய ஒவ்வொரு தடவையும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. துடைத்து மெருகேற்றினால் இப்படித்தான் வெளியூர் வந்து சேரும். நீர் நின்ற கார்பெட்டுக்கு அடியில்தான் வயர்களின் இணைப்புகள் இருக்கின்றன. அவை பச்சை பூத்து ஒவ்வொன்றாகச் செத்துப்போக ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை ஸ்கேனர் எதுவும் சொல்லாது.

பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவர்களே, பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அதற்கு ஸ்கேனரும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.

அக்கா அங்கிருந்தே சிங்கப்பூருக்குப் போன் செய்தார். முன்பணம் கொடுக்கவில்லை. பாய் வாங்கிக்கொண்டது 1,500 ரூபாய்.